ஒரே ஆளி, பல பணிகள்: பற்றீரியாப் புரதங்களின் ஜீ-ஆட்களம்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
உயிரின் இரசாயன அடிப்படை – விரிவாக்கப் பாடம்

மாணவர்களே, புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை என்பதையும் நொதியங்கள் யாவும் தமக்கெனத் தனித்துவமான வடிவம் கொண்டவை என்பதையும் நீங்கள் கற்றுள்ளீர்கள். எனினும் "வடிவம் ஏன் முக்கியம்?" என்று வினவினால் பலர் "பூட்டும் திறப்பும் போல" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். ஒரு புரதத்தின் வடிவம் அதன் தொழிலை எவ்வாறு தீர்மானிக்கின்றது என்பதை ஓர் உண்மையான உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும். இதில் வரும் பெயர்கள் யாவற்றையும் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. காரணங்களை விளங்கிக்கொண்டால் போதுமானது.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• ஆட்களம் என்பதை விளக்கவும்,
• ஜீ-ஆட்களத்தின் பிரதான பகுதிகளையும் அவற்றின் தொழில்களையும் கூறவும்,
• ஜீ.ரி.பி. ஒரு மூலக்கூற்று ஆளியை இயக்கும் விதத்தைப் படிமுறையாக எழுதவும்,
• கூர்ப்பின்போது சில அமினோ அமிலங்கள் மாறாதிருப்பதற்குக் காரணம் காட்டவும் முடிதல் வேண்டும்.

1. முன்னறிவை மீட்டல்

(அ) புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலியாக இணைந்து உண்டாகும் பெரிய மூலக்கூறாகும். இச்சங்கிலி மடிந்து முப்பரிமாண வடிவத்தைப் பெறுகின்றது.
(ஆ) புரதம் தொகுக்கப்படும் இடம் றைபோசோம் ஆகும். தூது ஆர்.என்.ஏ. யில் உள்ள மும்மைக் குறியீடு கோடோன் எனப்படும். ஒவ்வொரு கோடோனுக்கும் உரிய அமினோ அமிலத்தை இடமாற்று ஆர்.என்.ஏ. சுமந்து வருகின்றது.
(இ) ஏ.ரி.பி. கலத்தின் சக்தி நாணயம் எனப்படும். அதில் அடினீன் என்னும் மூலமும், றைபோசு வெல்லமும், மூன்று பொஸ்பேற்றுக் கூட்டங்களும் உள்ளன.

2. ஜீ.ரி.பி. யும் ஜீ.ரி.பி.யேசும்

ஏ.ரி.பி. யில் உள்ள அடினீனுக்குப் பதிலாகக் குவானீன் இருப்பின் அம்மூலக்கூறு ஜீ.ரி.பி. ஆகும். ஏனைய பகுதிகள் ஒத்தவை. ஜீ.ரி.பி. யின் மூன்றாவது பொஸ்பேற்று நீர்ப்பகுப்பினால் வெட்டப்படும்போது ஜீ.டி.பி. யும் பொஸ்பேற்றும் உண்டாகும்.

ஜீ.ரி.பி. + நீர் → ஜீ.டி.பி. + பொஸ்பேற்று

இத்தாக்கத்தை ஊக்குவிக்கும் புரதங்கள் ஜீ.ரி.பி.யேசுகள் எனப்படும். அமிலேசு மாப்பொருளை நீர்ப்பகுப்பது போல இவை ஜீ.ரி.பி. யை நீர்ப்பகுக்கின்றன. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அமிலேசின் தொழில் விளைவை உண்டாக்குவதாகும். ஜீ.ரி.பி.யேசுக்கோ விளைவு முக்கியமன்று. அத்தாக்கத்தின்போது தன் வடிவம் மாறுவதே அதன் தொழிலாகும்.

3. ஆட்களம் என்றால் என்ன?

ஒரு புரதச் சங்கிலியில் தானாகவே மடிந்து, தனக்கென ஒரு வடிவத்தையும் பெரும்பாலும் ஒரு தொழிலையும் கொண்டிருக்கும் பகுதி ஆட்களம் எனப்படும். பெரிய புரதங்கள் பலவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்களங்கள் காணப்படும்.

எமது வயல்களிற் காணப்படும் இரு சில்லு உழவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். அதே இயந்திரத்துடன் கலப்பையைப் பூட்டினால் உழலாம். பெட்டியைப் பூட்டினால் நெல் மூடைகளை ஏற்றலாம். பம்பியைப் பூட்டினால் நீர் இறைக்கலாம். இயந்திரம் ஒன்றே, பூட்டப்படும் கருவியே வேறு. ஜீ.ரி.பி.யேசுகளும் இவ்வாறானவையே. ஜீ-ஆட்களம் இயந்திரம் போன்றது. அதனுடன் இணைந்துள்ள ஏனைய ஆட்களங்கள் கருவிகள் போன்றவை.

உதாரணங்கள்:
• நீட்சிக் காரணி ரியூ: ஜீ-ஆட்களத்துடன் மேலும் இரு ஆட்களங்கள் உண்டு. இடமாற்று ஆர்.என்.ஏ. யை றைபோசோமுக்குக் கொண்டுவருகின்றது.
• நீட்சிக் காரணி ஜீ: ஜீ-ஆட்களத்துடன் வேறு ஆட்களங்கள் உண்டு. றைபோசோம் தூது ஆர்.என்.ஏ. யில் ஒரு கோடோன் தூரம் நகர்வதற்கு உதவுகின்றது.
• ஏரா: ஜீ-ஆட்களத்துடன் ஆர்.என்.ஏ. யைப் பற்றும் ஓர் ஆட்களம் உண்டு. றைபோசோமின் சிறிய கூறு உருவாவதற்கு உதவுகின்றது.

4. ஜீ-ஆட்களத்தின் கட்டமைப்பு

எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவின் நீட்சிக் காரணி ரியூ 393 அமினோ அமிலங்களைக் கொண்டது. இவற்றுள் முதல் 200 வரையானவை ஜீ-ஆட்களத்தை ஆக்குகின்றன. இந்த ஆட்களத்தின் முப்பரிமாண அமைப்பு 1985 ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர்ப் பளிங்கியல் முறையால் அறியப்பட்டது. ஜீ-ஆட்களங்களுள் முதன்முதலில் அமைப்பு அறியப்பட்டது இதுவேயாகும்.

ஆட்களத்தின் நடுவே ஆறு பட்டிகளாலான பீற்றாத் தகடு உள்ளது. அதன் இரு பக்கங்களிலும் அல்பாச் சுருளிகள் சூழ்ந்துள்ளன. பட்டிகளையும் சுருளிகளையும் இணைக்கும் கண்ணிகள் ஒரு பக்கத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு பையை உண்டாக்குகின்றன. ஜீ.ரி.பி. யும் ஒரு மகனீசியம் அயனும் இப்பையினுள் அமரும். பையைச் சுற்றி ஐந்து குறுகிய தொடர்கள் உள்ளன. அவை ஜீ1 முதல் ஜீ5 வரை பெயரிடப்பட்டுள்ளன.

ஜீ1: பொஸ்பேற்றுகளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் கண்ணி. இதிலுள்ள லைசீன் நேரேற்றமுடையது. எனவே மறையேற்றமுடைய பொஸ்பேற்றைக் கவர்கின்றது.
ஜீ2: இதில் ஒரு திரியோனீன் உண்டு. மூன்றாவது பொஸ்பேற்று இருக்கின்றதா என "தொட்டுப் பார்க்கும்" பகுதி இது. இது ஆளி 1 எனப்படும் பகுதியில் அமைந்துள்ளது.
ஜீ3: அஸ்பாற்றிக்கமிலத்தில் தொடங்கிக் கிளைசீனில் முடியும் நான்கு அமினோ அமிலங்கள். மகனீசியத்துடனும் மூன்றாவது பொஸ்பேற்றுடனும் தொடர்புடையது. இது ஆளி 2 இன் தொடக்கத்தில் உள்ளது.
ஜீ4: அஸ்பரஜீனும் லைசீனும் அஸ்பாற்றிக்கமிலமும் உள்ள தொடர். குவானீனை இனங்காண்கின்றது.
ஜீ5: ஜீ4 க்குத் துணையாகக் குவானீனைத் தாங்குகின்றது.

கவனிக்க: ஜீ1, ஜீ2, ஜீ3 ஆகியன பொஸ்பேற்றுப் பக்கம், ஜீ4, ஜீ5 ஆகியன குவானீன் பக்கம். இவ்வாறு இரண்டாகப் பிரித்து நினைவில் வைத்தால் குழப்பம் ஏற்படாது.

5. ஆளி தொழிற்படும் விதம்

மின்சுற்றில் ஆளிக்கு இரு நிலைகள் உண்டு. ஜீ-ஆட்களத்திற்கும் இரு நிலைகள் உண்டு.

மூடிய ஆளி (தொழிற்படும் நிலை): பையினுள் ஜீ.ரி.பி. இருக்கும். ஜீ2 இன் திரியோனீனும் ஜீ3 இன் கிளைசீனும் மூன்றாவது பொஸ்பேற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதனால் ஆளி 1, ஆளி 2 ஆகிய இரு பகுதிகளும் இழுத்துக் கட்டிய வில் போல இறுக்கமாக இருக்கும்.

திறந்த ஆளி (தொழிற்படாத நிலை): நீர்ப்பகுப்பின் பின்னர் மூன்றாவது பொஸ்பேற்று வெளியேறிவிடும். பிடிக்க ஒன்றுமில்லாததால் இரு பகுதிகளும் தளர்ந்து வேறு வடிவம் பெறும்.

ஒரு சிறிய பொஸ்பேற்றின் இழப்பு எவ்வளவு மாற்றத்தை ஏற்படுத்தும்? நீட்சிக் காரணி ரியூவில் ஏனைய இரு ஆட்களங்கள் தொடர்பாக ஜீ-ஆட்களம் ஏறத்தாழ 90° சுழல்கின்றது. இதனால் இடமாற்று ஆர்.என்.ஏ. யைப் பிடித்திருந்த இடம் கலைந்துவிடும், சுமை விடுவிக்கப்படும்.

6. ஒரு சுற்று: படிமுறை

படி 1: நீட்சிக் காரணி ரியூ ஜீ.ரி.பி. யுடன் சேர்ந்து, அமினோ அமிலம் சுமந்த இடமாற்று ஆர்.என்.ஏ. ஒன்றைப் பிடிக்கின்றது.
படி 2: இக்கூட்டு றைபோசோமை அடைகின்றது. இடமாற்று ஆர்.என்.ஏ. யின் எதிர்க்கோடோன், தூது ஆர்.என்.ஏ. யின் கோடோனுடன் ஒப்பிடப்படுகின்றது.
படி 3: பொருத்தம் சரியெனின் றைபோசோமின் வடிவம் சற்று மாறுகின்றது. அதன் ஆர்.என்.ஏ. யின் ஒரு பகுதி, ஜீ3 ஐ அடுத்துள்ள 84 ஆவது அமினோ அமிலமான ஹிஸ்ரிடீனைச் சரியான இடத்தில் நிறுத்துகின்றது. உடனே ஜீ.ரி.பி. நீர்ப்பகுக்கப்படுகின்றது.
படி 4: ஆளி திறக்கின்றது. ஜீ.டி.பி. யுடன் நீட்சிக் காரணி ரியூ விலகிச் செல்கின்றது. அமினோ அமிலம் சங்கிலியில் இணைக்கப்படுகின்றது.
படி 5: நீட்சிக் காரணி ரிஎஸ் என்னும் வேறொரு புரதம் ஜீ.டி.பி. யை வெளியேறச் செய்கின்றது. கலத்தில் ஜீ.டி.பி. யிலும் பார்க்க ஜீ.ரி.பி. கூடுதலாக உள்ளதால் வெறுமையான பையினுள் புதிய ஜீ.ரி.பி. புகுகின்றது. சுற்று மீண்டும் தொடங்குகின்றது.

இப்படிமுறைகளிற் பலவற்றை அணுமட்டத்தில் காட்டிய றைபோசோம் படங்கள் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியாகின. அவற்றை வெளியிட்ட ஆய்வுக்குழுக்களுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஆவார். றைபோசோமின் கட்டமைப்பு, தொழில் பற்றிய ஆய்வுகளுக்காக 2009 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்கும் தோமஸ் ஸ்ரெயிற்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

7. ஜீ.ரி.பி. ஏன் செலவிடப்படுகின்றது?

இங்கு ஒரு நல்ல வினா எழுகின்றது. அமினோ அமிலத்தை இணைப்பதற்கு வேண்டிய சக்தி, அது இடமாற்று ஆர்.என்.ஏ. யுடன் இணைக்கப்பட்டபோதே ஏ.ரி.பி. யிலிருந்து பெறப்பட்டுவிட்டது. அவ்வாறாயின் படி 3 இல் ஜீ.ரி.பி. யைச் செலவிடுவது வீணல்லவா?

வீணன்று. அச்செலவினால் கலம் பெறுவது திருத்தமாகும். தவறான இடமாற்று ஆர்.என்.ஏ. நீர்ப்பகுப்புக்கு முன்னரே கழன்று போகலாம். இது முதலாவது சோதனை. தப்பித்தவறி நீர்ப்பகுப்பு நிகழ்ந்தாலும், நீட்சிக் காரணி விலகிய பின்னர் அது தனியே நின்று தன் இடத்தில் பொருந்த வேண்டும். அப்போதும் கழன்று போகலாம். இது இரண்டாவது சோதனை. நீர்ப்பகுப்பு மீளாத் தாக்கமாகையால் இரு சோதனைகளும் ஒன்றையொன்று குழப்பாது தனித்தனியே நடைபெறுகின்றன.

கணித்துப் பார்ப்போம். விளங்குவதற்காக, ஒரு சோதனை 100 தவறுகளில் ஒன்றைத் தவறவிடுகின்றது எனவும், அதனால் சங்கிலியில் 100 இல் ஓர் அமினோ அமிலம் தவறாக அமைகின்றது எனவும் கொள்வோம். 393 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தின் 100 மூலக்கூறுகளை ஆக்க வேண்டும்.

மொத்த அமினோ அமிலங்கள் = 393 × 100 = 39 300
ஒரு சோதனை மட்டும் இருப்பின் தவறுகள் = 39 300 ÷ 100 = 393
இரு சோதனைகள் இருப்பின் தவறுகள் = 39 300 ÷ 10 000 ≈ 4

முதலாவது நிலையில் ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக நான்கு தவறுகள். பிழையற்ற மூலக்கூறு கிடைப்பதே அரிது. இரண்டாவது நிலையில் 100 மூலக்கூறுகளில் ஏறத்தாழ 96 பிழையற்றவை. உண்மையான கலங்களில் அளக்கப்பட்ட தவறு வீதம் ஏறத்தாழ 1000 இல் ஒன்றுக்கும் 10 000 இல் ஒன்றுக்கும் இடைப்பட்டதாகும். பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளைக் கையளிக்குமுன் ஒருமுறை மீள வாசிப்பதற்கு நீங்கள் செலவிடும் ஐந்து நிமிடத்தைப் போன்றதே இந்த ஜீ.ரி.பி.

8. மாறாதிருப்பது எதைக் காட்டுகின்றது?

மனிதக் கலங்களில் ராஸ் என்னும் புரதம் உண்டு. அது கலம் பிரிவடைய வேண்டுமா என்ற செய்தியைக் கடத்தும் ஜீ.ரி.பி.யேசாகும். பற்றீரியாவின் நீட்சிக் காரணி ரியூவையும் மனிதனின் ராஸையும் ஒப்பிடுக.

ஜீ3
ரியூ: அஸ்பாற்றிக்கமிலம் – சிஸ்ரீன் – புரோலீன் – கிளைசீன்
ராஸ்: அஸ்பாற்றிக்கமிலம் – திரியோனீன் – அலனீன் – கிளைசீன்

ஜீ4
ரியூ: அஸ்பரஜீன் – லைசீன் – சிஸ்ரீன் – அஸ்பாற்றிக்கமிலம்
ராஸ்: அஸ்பரஜீன் – லைசீன் – சிஸ்ரீன் – அஸ்பாற்றிக்கமிலம்

ஜீ5
ரியூ: செரீன் – அலனீன் – லியூசீன்
ராஸ்: செரீன் – அலனீன் – லைசீன்

பற்றீரியாவும் மனிதனும் பொது மூதாதையிலிருந்து பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்துவிட்டன. இரு புரதங்களும் செய்யும் வேலைகளும் வேறு. எனினும் ஜீ4 இன் நான்கு அமினோ அமிலங்களும் ஒன்றேயாக உள்ளன. ஜீ3 இல் நடுவிலுள்ள இரண்டும் மாறியுள்ளன, ஜீ.ரி.பி. க்கும் மகனீசியத்துக்கும் இன்றியமையாத இரு முனைகளும் மாறவில்லை.

இதன் பொருள் அவ்விடங்களில் விகாரம் நிகழவில்லை என்பதன்று. விகாரம் எங்கும் நிகழலாம். அவ்விடங்களில் விகாரமுற்ற புரதம் தொழிற்படாமையால் அதனைக் கொண்ட அங்கி நிலைக்கவில்லை என்பதே பொருளாகும். இது இயற்கைத் தேர்வாகும்.

பரிசோதனைச் சான்று: 1987 இல் வெளியான ஆய்வொன்றில், நீட்சிக் காரணி ரியூவின் ஜீ4 இலுள்ள 138 ஆவது அஸ்பாற்றிக்கமிலம் அஸ்பரஜீனாக மாற்றப்பட்டது. மாற்றப்பட்ட புரதம் குவானீன் உள்ள மூலக்கூற்றை விடுத்து, சாந்தீன் என்னும் வேறு மூலம் உள்ள மூலக்கூற்றைப் பற்றியது. 393 இல் ஒன்றே ஒன்று மாறியதால் புரதம் "ஆளை மாற்றி" இனங்கண்டது. குவானீனை இனங்காண்பது ஜீ4 என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

ஆளி திறக்காவிடின்? ரியூவில் ஹிஸ்ரிடீன் உள்ள அதே இடத்தில் ராஸில் 61 ஆவது அமினோ அமிலமான குளூற்றமீன் உள்ளது. அது விகாரமுற்றால் ராஸினால் ஜீ.ரி.பி. யை உரியவாறு நீர்ப்பகுக்க முடியாது. ஆளி மூடியபடியே இருக்கும். "பிரிவடைக" என்ற செய்தி நிற்காது. மனிதப் புற்றுநோய்கள் பலவற்றில் ராஸின் 12, 13, 61 ஆம் இடங்களின் விகாரங்கள் காணப்படுகின்றன. ஓர் ஆளியின் பயன் அது மூடுவதில் மட்டுமன்று, உரிய நேரத்தில் திறப்பதிலும் தங்கியுள்ளது.

9. மருத்துவ முக்கியத்துவம்

• கிரோமைசின்: நீட்சிக் காரணி ரியூவின் ஆட்களங்களுக்கு இடையே புகுந்து பொருந்துகின்றது. ஜீ.ரி.பி. நீர்ப்பகுக்கப்பட்ட பின்னரும் புரதம் வடிவம் மாற முடியாது றைபோசோமிலேயே சிக்கிக்கொள்ளும். புரதத் தொகுப்பு தடைப்படும்.
• பியூசிடிக் அமிலம்: நீட்சிக் காரணி ஜீயை இவ்வாறே றைபோசோமில் சிக்கவைக்கின்றது. தோற்புண்களை உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கசு பற்றீரியாவுக்கு எதிராகக் களிம்பாகப் பயன்படுத்தப்படுகின்றது.

இரண்டுமே ஜீ.ரி.பி. அமரும் பையை அடைக்கவில்லை என்பதை அவதானிக்க. அப்பை மனிதப் புரதங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. அதனை அடைக்கும் பொருள் எமது கலங்களையும் பாதிக்கக்கூடும். எனவே மாறாத பகுதி எது, மாறும் பகுதி எது என அறிவது மருந்து தேடுவோருக்கும் அவசியமாகின்றது.

10. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

• "ஜீ.ரி.பி. பிணைந்ததும் ஆளி திறக்கும்" என எழுதுதல். மின்சுற்றிற் போலவே மூடிய ஆளியே தொழிற்படும் நிலை. ஜீ.ரி.பி. – மூடிய ஆளி, ஜீ.டி.பி. – திறந்த ஆளி.
• ஆட்களமும் புரதமும் ஒன்றெனக் கருதுதல். ஆட்களம் புரதத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம்.
• "மாறாத பகுதியில் விகாரம் நிகழாது" என எழுதுதல். நிகழும், ஆனால் பெரும்பாலும் நிலைக்காது.

11. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – மிகப் பொருத்தமான விடையைத் தெரிக.

(1) ஜீ.ரி.பி. க்கும் ஏ.ரி.பி. க்கும் இடையிலான வேறுபாடு,
(1) பொஸ்பேற்றுகளின் எண்ணிக்கை (2) வெல்லத்தின் வகை (3) நைதரசன் மூலத்தின் வகை (4) மகனீசியத்தின் அளவு

(2) ஜீ1 தொடரிலுள்ள லைசீன் பொஸ்பேற்றைக் கவர்வதற்குக் காரணம்,
(1) லைசீன் நடுநிலையானது (2) லைசீன் நேரேற்றமுடையது (3) பொஸ்பேற்று நேரேற்றமுடையது (4) இரண்டும் மறையேற்றமுடையன

(3) நீட்சிக் காரணி ரிஎஸ் செயலிழந்தால் முதலில் நிகழக்கூடியது,
(1) ரியூ ஜீ.டி.பி. யுடன் தேங்கும் (2) ரியூ ஜீ.ரி.பி. யுடன் தேங்கும் (3) கோடோன்கள் மாறும் (4) றைபோசோம் கரையும்

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை

நீட்சிக் காரணி ரியூவின் 84 ஆவது அமினோ அமிலமான ஹிஸ்ரிடீனை அலனீனாக மாற்றிய பற்றீரியாப் புரதம் ஒன்று ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டது.
(i) இப்புரதம் ஜீ.ரி.பி. யைப் பற்றுமா? காரணம் தருக.
(ii) எந்தப் படி தடைப்படும்?
(iii) றைபோசோமில் என்ன நிகழும் என எதிர்வுகூறுக.
(iv) இவ்விளைவை ஒத்த விளைவை ராஸ் புரதத்தில் உண்டாக்கும் விகாரம் ஒன்றைக் குறிப்பிடுக.

விடைகள்

பகுதி அ: (1) – 3, (2) – 2, (3) – 1

பகுதி ஆ:
(i) ஆம். ஜீ.ரி.பி. யைப் பற்றுவன ஜீ1 முதல் ஜீ5 வரையான தொடர்கள், அவை மாற்றப்படவில்லை.
(ii) படி 3, அதாவது நீர்ப்பகுப்பு.
(iii) ஆளி திறக்காமையால் நீட்சிக் காரணி ரியூ இடமாற்று ஆர்.என்.ஏ. யை விடுவித்து விலகாது. அமினோ அமிலம் சங்கிலியில் இணையாது. புரதத் தொகுப்பு அவ்விடத்தில் தடைப்படும்.
(iv) 61 ஆவது அமினோ அமிலமான குளூற்றமீனின் விகாரம்.

நினைவிற் கொள்க: இனிமேல் "புரதத்தின் வடிவம் ஏன் முக்கியம்?" என்ற வினா வந்தால் பூட்டையும் திறப்பையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வடிவம் பொருந்துவதற்கு மட்டுமல்ல, உரிய வேளையில் மாறுவதற்கும் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் விடை முழுமை பெறும்.